நெகட்டிவ் ஸ்கேனிங்: பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐயை நம்பலாமா?

கேள்வி, ஜூன் 7, மாலை
இரண்டு பிஸ்கட் டின் நிறைய 35 மிமீ நெகட்டிவ் இருக்கிறது. 70களின் கறுப்பு வெள்ளை கொஞ்சம், மீதி 80, 90களின் கலர். தனியாக ஒரு பெட்டி ஸ்லைடு. எப்சன் வி600 ஸ்கேனர் செகண்ட் ஹேண்டில் வருகிறது, 6400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 6400 புள்ளி, என்று போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் 6400இல், 48 பிட் (நிறத்துக்கு 16 பிட்) டிஃப் ஃபைலாக ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கணக்கு. டிஜிட்டல் ஐஸ் இருப்பதால் தூசி துடைக்கும் வேலையும் இல்லையாமே?

ஜூன் 7, இரவு
ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் 6400.

அது சென்சாரும் மோட்டாரும் எத்தனை புள்ளி எடுக்கும் என்ற கணக்கு. உள்ளே இருக்கும் லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைக் காட்டாது. வி600இல் உண்மையாகக் கிடைப்பது சுமார் 1600. வி700, வி800 வரிசையில் 2300 பக்கம். ஃபிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனர்களான பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200i இரண்டிலும் 7200 என்று அச்சடித்திருக்கும், கையில் வருவது சுமார் 3500. பழைய நிக்கான் கூல்ஸ்கேன்தான் பெட்டியில் சொன்ன 4000ஐக் கிட்டத்தட்ட அப்படியே கொடுக்கும்.

35 மிமீ ஃபிரேம் 36×24 மிமீ. 6400இல் அது சுமார் 9070×6050 புள்ளி, 48 பிட் டிஃப் என்றால் ஒரு படத்துக்கு 330 எம்பி பக்கம். அதே ஃபிரேம் 2400இல் 3400×2270, 46 எம்பி. ஏழு மடங்கு இடம், ஸ்கேனரின் ஆயுளில் பாதி, கண்ணுக்குத் தெரியும் லாபம் பூஜ்யம். வி600க்கு 2400 தாராளம். அதிலேயே 11 அங்குல அகல பிரிண்ட் 300 டிபிஐயில் போடலாம்.

நம்பிக்கை வரவில்லையா? கூர்மையான ஒரு ஃபிரேமை 6400இல் எடுங்கள். அதன் நகலை 2400க்குக் குறைத்து, மறுபடி 6400க்குப் பெரிதாக்கி, அசலுக்கு மேல் லேயராக வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் இமை, சேலைக் கரை, கடைப் பலகை எழுத்து, இந்த மூன்றில் வித்தியாசம் தெரியாவிட்டால் விவாதம் முடிந்தது.

ஜூன் 7, இரவு, பத்து நிமிடம் கழித்து
நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் காலையில் எழுந்திருக்காது. நெகட்டிவ் வெளிச்சத்தில் பிடித்தாலே படம் காட்டும்.

ஜூன் 8
ஐஸ் விஷயம். அது மென்பொருள் தந்திரம் இல்லை. ஸ்கேனர் வழக்கமான மூன்று நிறங்களோடு அகச்சிவப்பில் இன்னொரு தடவை ஓடும். கலர் ஃபிலிமின் சாயம் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும், தூசியும் கீறலும் விடாது. ஆகவே அந்த நாலாவது படத்தில் குப்பை மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்த இடங்களைச் சுற்றியுள்ள புள்ளிகளால் நிரப்பிவிடுகிறது.

இதிலிருந்தே மீதியை ஊகிக்கலாம். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். ஐஸ் அதையும் குப்பை என்று எண்ணித் துடைக்கப் பார்க்கும். முகத்தில் மெழுகு வடிந்த மாதிரி வரும். கறுப்பு வெள்ளைக்கு ஐஸை அணைத்துவிடுங்கள். விதிவிலக்கு, இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி, கலர் நெகட்டிவ் கழுவும் முறையான சி-41இல் கழுவும் கறுப்பு வெள்ளை. அதில் கழுவிய பிறகு இருப்பது சாயம்தான், ஐஸ் வேலை செய்யும்.

கலரிலும் ஐஸ் இருக்கிறதென்று துடைக்காமல் விடக்கூடாது. ஒரு மயிரிழை அளவு தூசி என்றால் அழகாக நிரப்பும். கன்னத்தின் மேல் பெரிய பொட்டலம் உட்கார்ந்திருந்தால் அடியில் என்ன இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? தவிர, ஐஸ் போட்டால் ஸ்கேன் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும், படமும் லேசாக மழுங்கும்.

ஜூன் 8, மாலை
“ஓரத்தில் இந்து என்று போட்டிருக்கிறது, அது எந்த ஊர் ஃபிலிம்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊட்டி! இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967இல் உற்பத்தி. இந்து கறுப்பு வெள்ளை வெள்ளிப் படலம்தான், ஆகவே மேலே சொன்னபடி ஐஸ் கூடாது. 16 பிட் கிரேஸ்கேலில் எடுங்கள்.

பழைய கறுப்பு வெள்ளையின் ஓரத்தில் நீல வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது அழுக்கல்ல. வெள்ளியே மேலே ஏறி வந்து படிந்தது. தேய்த்தால் படம் போய்விடும். விட்டுவிடுங்கள்.

ஜூன் 11
சுத்தம் செய்வது. வேலையில் பாதி இதுதான், கெடுப்பதும் இங்கேதான்.

முதலில் வகை பிரியுங்கள். மூக்கை டின்னுக்குள் விடுங்கள். வினிகர் வாடை வந்தால் அந்தச் சுருளைத் தனியாக எடுங்கள், அதைப் பற்றிப் பிறகு. அடுத்து ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று இருக்கிறதா பாருங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்திய 35 மிமீ ஃபிலிம், எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம், பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. அதை வீட்டில் வைத்து விளையாட வேண்டாம். 60களுக்குப் பிந்திய சரக்கில் இந்தப் பயம் இல்லை.

கைக்குப் பருத்தி அல்லது நைட்ரில் உறை. ஃபிலிமை ஓரத்தில் மட்டும் பிடிப்பது. முதலில் ரப்பர் ஊதுகுழல், பிறகு மென்மையான ஆன்டி ஸ்டேட்டிக் பிரஷ், அழுத்தாமல் ஒரே திசையில். டப்பாக் காற்று வேண்டாம், சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் ஃபிலிமில் துப்பும். பனியன் துணி வேண்டவே வேண்டாம். துடைத்த மாதிரி இருக்கும், சாய்வு வெளிச்சத்தில் பார்த்தால் வரி வரியாகக் கீறல்.

கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் திரவம். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், அல்லது பெக்-12 மாதிரி ஃபிலிமுக்கென்று விற்கும் கிளீனர், நூல் உதிராத பேட். திரவத்தைப் பேடில் விடுங்கள், ஃபிலிமில் ஊற்றாதீர்கள். பளபள பக்கத்தை முதலில், படம் படிந்திருக்கும் மங்கல் பக்கத்தை மிக லேசாக.

அடுத்து நம் ஊர் வியாதி, பூசணம். சிலந்தி வலை மாதிரிக் கிளை கிளையாகப் படரும். அது ஜெலட்டினைத் தின்கிறது. தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும். ஸ்டுடியோவில் கழுவினார்களே என்று குழாயடியில் காட்டினால் படம் வழிந்து போகும், திரும்ப வராது. பூசணத்துக்குத் தண்ணீரே கூடாது. முதலில் இருக்கிறபடியே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பிறகு ஆல்கஹாலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துத் துடைக்கலாம். தின்ற பள்ளம் போகாது, மேலே இருக்கும் இழை போகும்.

ஜூன் 12
ஸ்பிரிட், சானிட்டைசர், 70 சதவீத ரப்பிங் ஆல்கஹால், மூன்றையும் கேட்டுவிட்டீர்கள். மூன்றும் வேண்டாம். சானிட்டைசரில் கிளிசரின் இருக்கும். 70 சதவீதம் என்றால் மீதி 30 தண்ணீர், பூசணத்துக்கு என்ன ஆகும் என்று நேற்றே சொல்லியாயிற்று. ஸ்பிரிட்டில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது புட்டிக்குப் புட்டி மாறும்.

உறையோடு ஒட்டிக்கொண்ட நெகட்டிவ்: காய்ந்த நிலையில் பிய்க்காதீர்கள், எமல்ஷன், அதாவது படம் இருக்கும் படலம், உறையோடு போய்விடும். பூசணம் இல்லை என்று உறுதியானால் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் அரைமணி ஊறவிட்டு, தானாக விலகும்போது பிரிக்கலாம். தண்ணீர் துளியாகத் தங்காமல் வழிய வைக்கும் கோடக் போட்டோ ஃப்ளோ இருந்தால் 200க்கு 1 பங்கு. தூசியில்லாத குளியலறையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள், மின்விசிறிக்குக் கீழே அல்ல.

ஜூன் 15
வி600 வந்துவிட்டதாம். வேலை வரிசை:

கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு நீளப் பட்டை காலியாக இருக்கும், ஃபிலிமைப் பிடிக்கும் சட்டமான ஹோல்டரிலும் அதற்கு நேராக ஒரு திறப்பு. ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் அங்கேதான் வெளிச்சத்தை அளவெடுக்கிறது. அங்கே ஒரு தூசி இருந்தால் படம் முழுக்க நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். “ஸ்கேனர் ரிப்பேர்” என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இதுவும் உண்டு.

எப்சன் ஸ்கேன் மென்பொருளில் தம்ப்நெயில் பிரிவியூவை அணைத்து நார்மல் பிரிவியூ வையுங்கள். இருட்டான ஃபிரேம் வந்தால் தம்ப்நெயில் எல்லையைத் தப்பாக வெட்டும். கோயில் பிரகாரத்தில், இரவுக் கல்யாண மேடையில் எடுத்ததெல்லாம் தலை போய் வரும். ஃபிரேமை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குள் கறுப்பு ஓரம் வராமல் குறிப்பது முக்கியம், வந்தால் ஆட்டோ எக்ஸ்போஷர் அதைப் பார்த்து ஏமாறும். அன்ஷார்ப் மாஸ்க் (கூர்மை ஏற்றுவது), கிரெய்ன் குறைப்பு, கலர் ரெஸ்டோரேஷன் எல்லாவற்றையும் அணையுங்கள். கூர்மையைப் பிறகு ஏற்றலாம், ஏற்றியதை இறக்க முடியாது.

ஃபோகஸ் மாற்ற முடியாது, ஹோல்டரின் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும். நாலு மூலையிலும் விசிட்டிங் கார்டு ஒன்று, பிறகு இரண்டு என்று ஏற்றி, ஒரே ஃபிரேமை ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். வி700இன் ஹோல்டரில் இதற்கென்றே 2.5, 3, 3.5 மிமீ என மூன்று நிலை வைத்திருக்கிறார்கள், வி600காரர்களுக்கு விசிட்டிங் கார்டு.

சுருண்ட ஃபிலிம் எந்த உயரத்திலும் நடுவில் ஃபோகஸ் இருந்தால் ஓரத்தில் இருக்காது. பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம். இஸ்திரிப் பெட்டி என்று யாரோ எழுதப்போகிறீர்கள், வேண்டாம்.

ஜூன் 15, இரவு
எந்தப் பக்கம் கீழே? வி600இல் பளபள பக்கம் கீழே. ஓர எழுத்து பளபள பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகப் படிக்கும், மங்கல் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி எழுத்து.

மாறிப் போயிற்றா என்று படத்திலேயே தெரியும். பெண்களின் முந்தானை வலது தோளில் கிடந்தால், ஆண்களின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தால், மொத்தக் குடும்பமும் இடது கையால் சாப்பிட்டால், ஃபிலிமைத் திருப்புங்கள். வட இந்தியக் கல்யாணம் என்றால் முந்தானையை மட்டும் நம்பாதீர்கள், குஜராத்திக் கட்டில் அது வலது தோளில்தான் வரும்.

ஜூன் 16
நேற்றுச் சொன்னதற்கு ஒரு விலக்கு. ஃபிலிம் தொய்ந்து பளபள பக்கம் கண்ணாடியைத் தொட்டால் வானவில் வளையம் வரும், நியூட்டன் ரிங். அப்போது மட்டும் மங்கல் பக்கத்தைக் கீழே வைத்து, மென்பொருளில் இடவலம் திருப்பிக்கொள்ளலாம். மங்கல் பக்கம் சொரசொரப்பு, அதனால் வளையம் விழாது.

ஜூன் 22
“கேமராவே இருக்கும்போது ஸ்கேனர் எதற்கு?” நல்ல கேள்வி. மேக்ரோ லென்ஸ் இருந்தால் கேமரா வி600ஐ எளிதில் தோற்கடிக்கும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் (சென்சார் 36×24 மிமீ) 1:1 மேக்ரோ, அதாவது பொருள் அதே அளவில் சென்சாரில் விழுவது, என்றால் 36 மிமீக்கு 6000 புள்ளி, அதாவது அங்குலத்துக்கு 4200க்கு மேல். சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் முழு ஃபிரேமும் சென்சாரை நிரப்ப 0.65 மடங்கு போதும். பழைய 1:2 மேக்ரோவோடு ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் சேர்த்தால் அது கிடைத்துவிடும்.

தேவையானது: காப்பி ஸ்டாண்டு, அல்லது நடுத்தண்டைத் தலைகீழாகப் போடக்கூடிய டிரைபாட். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் உள்ள எல்இடி பேனல். ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டர். ஃபிலிமுக்கும் பேனலுக்கும் இடையே பால் வெள்ளை அக்ரிலிக் 3 மிமீ, ஃபிலிமிலிருந்து மூன்று நாலு செமீ தள்ளி. ஒட்டி வைத்தால் அக்ரிலிக்கின் மேல் இருக்கும் தூசியும் படத்தில் வரும்.

சென்சாரும் ஃபிலிமும் இணையாக இருக்கிறதா என்று பார்க்க மட்டக்கோல் போதாது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை, முகம் பார்க்கும் கண்ணாடிதான், படுக்க வையுங்கள். வியூஃபைண்டரில் லென்ஸின் பிம்பம் தெரியும். அதன் மையம் ஃபிரேமின் நடுப்புள்ளியில் விழும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். இதை விடச் சுலபமான, நம்பகமான வழி கிடையாது.

ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப்/8 (ஏபிஎஸ்-சியில் எஃப்/5.6 முதல் 8), ரா ஃபைல், இரண்டு செகண்ட் டைமர், ஷட்டர் அதிர்வைக் குறைக்க எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன். எஃப்/16 போனால் ஆழம் கிடைக்கும், கூர்மை போகும். ஃபோகஸை லைவ் வியூவில் முழுசாகப் பெரிதாக்கி, ஃபிலிமின் கிரெய்னிலேயே கையால் பிடியுங்கள். முகத்தில் பிடிக்க வேண்டாம், அன்றைக்குப் படம் எடுத்தவரே ஃபோகஸை விட்டிருக்கலாம்.

எக்ஸ்போஷர் மேனுவல், ஒரு ரோலுக்கு ஒன்று. ரோலில் படம் விழாத வெற்று ஓரம்தான் மிகப் பிரகாசமான இடம். அது ஹிஸ்டோகிராமில் எந்த நிறமும் வெட்டுப்படாமல் வலது ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்படி வைத்துக்கொண்டு, 36 படத்துக்கும் மாற்றாதீர்கள். கேமரா தானே ஒவ்வொன்றுக்கும் அளந்தால் பின்னால் நிறம் திருத்தும்போது படத்துக்குப் படம் தனித்தனிப் போராட்டம்.

அறை விளக்கை அணையுங்கள், ஃபிலிமைச் சுற்றித் தெரியும் பேனலைக் கறுப்பு அட்டையால் மூடுங்கள். இல்லையென்றால் கறுப்பு எல்லாம் சாம்பலாக வரும்.

கேமரா முறையின் ஒரே பெரிய குறை, ஐஸ் கிடையாது. பூசணமும் கீறலும் நிறைந்த கலர் நெகட்டிவ் என்றால் 4200ஐ விட்டுவிட்டு வி600இன் 1600ஐத் தேர்ந்தெடுப்பேன். ஒரு படத்துக்குக் கைவேலை நேரம் என்ன என்பதுதான் கணக்கு.

ஜூன் 23
“பேனலுக்குப் பதில் மொபைல் ஸ்கிரீன்?” பிக்சல் வலை படத்தில் வரும். அக்ரிலிக்கை நடுவில் வைத்தால் வலை மறையும், ஆனால் வெளிச்சம் குறைவு, மூன்று நிறங்களின் கலவையும் ஒழுங்கில்லை. கறுப்பு வெள்ளைக்கு ஓடும்.

மலிவு எல்இடியில் இன்னொன்று: அது கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். படத்தில் குறுக்குப் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/15க்கு இறக்குங்கள். பேனலை முழுப் பிரகாசத்தில் ஓட்டினாலும் பெரும்பாலும் நின்றுவிடும். டிம் செய்யும்போதுதான் துடிப்பு அதிகம்.

ஜூலை 2
கலர் நெகட்டிவின் ஆரஞ்சு. பலர் அதை அழுக்கு, பழசானதால் வந்த நிறம் என்று நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே போடப்பட்டது. சயான், மெஜந்தா சாயங்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத நிறத்தையும் கொஞ்சம் விழுங்கும், அந்தப் பிழையை ஈடுகட்டவே அந்த மாஸ்க். ஸ்கேனர் மென்பொருள் தானாகவே கழித்துவிடும், கேமராக்காரர்கள்தான் கழிக்க வேண்டும்.

வெறுமனே இன்வெர்ட் செய்தால் நீலமாக வரும். இலவச வழி, டார்க்டேபிள் என்ற மென்பொருளின் நெகடாக்டர் மாட்யூல். படம் விழாத ஓரத்தைச் சேர்த்தே படம் எடுத்திருந்தால் அங்கே நிறம் எடுக்கும் கருவியை (கலர் பிக்கர்) வைத்து ஃபிலிம் பேஸ் நிறத்தை எடுங்கள், பிறகு டிமேக்ஸ் (ஃபிலிமின் அதிகபட்ச அடர்த்தி), கடைசியாகப் பிரிண்ட் பக்கத்தில் கறுப்பும் பளபளப்பும். ஃபில்மிக், சிக்மாய்டு மாதிரி டோன் மாட்யூல் எதுவும் கூடவே ஓடக் கூடாது. ஒரு ஃபிரேமில் சரியாக வந்ததை அந்த ரோல் முழுக்க ஒட்டலாம். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு நெகட்டிவ் லேப் ப்ரோ, காசு.

கையால்தான் செய்வேன் என்றால்: இன்வெர்ட், பிறகு லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, இரு முனைகளையும் ஹிஸ்டோகிராம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இழுங்கள். இதிலேயே பெரும்பகுதி நிறம் உட்கார்ந்துவிடும். மீதிக்கு வெள்ளை வேட்டியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். முகத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள், நம் ஆட்களை வெளுக்க வைக்கத்தான் கை போகும்.

ஜூலை 3
ஸ்லைடு. மவுன்ட், அதாவது ஸ்லைடின் சட்டம், 50×50 மிமீ. சரியான பக்கம் பார்த்தால், அதில் திசை காட்டக் குறித்திருக்கும் கட்டைவிரல் புள்ளி இடது கீழ் மூலையில் இருக்கும்.

மவுன்டில் கோடாக்குரோம் என்று இருந்தால் நிறுத்துங்கள். மங்கல் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் படம் புடைப்பாகத் தெரியும், அதுவும் அடையாளம். அதன் சயான் படலம் அகச்சிவப்பைக் கொஞ்சம் விழுங்குவதால் ஐஸ் குழம்பும், கறுப்பும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்புகளில் பிசிறு வரும். ஐஸ் இல்லாமல் எடுத்துத் தூசியைக் கையால் எடுங்கள். நீலச் சாயலும் வரும், மென்பொருளில் கோடாக்குரோம் தேர்வு இருந்தால் போடுங்கள். கோடாக்குரோம் இருட்டில் வைத்தால் நிறம் அபாரமாக நிற்கும், புரொஜெக்டர் வெளிச்சத்தில்தான் வெளுக்கும். பழைய எக்டாகுரோம் அதற்கு நேரெதிர். பெட்டிக்குள் இருந்தபடியே சயான் போய், எல்லாம் ரோஜா நிறமாகிவிடும். அதில் சிவப்புச் சேனலில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான், ஆகவே 16 பிட்டில்தான் எடுக்க வேண்டும். 8 பிட்டில் எடுத்துச் சிவப்பைத் திருத்தினால் வானம் படிக்கட்டாகும்.

ஸ்லைடின் கறுப்பு நெகட்டிவை விட மிக அடர்த்தி. வி600 மாதிரி பிளாட்பெட் ஸ்கேனர் அங்கே இரைச்சலைத்தான் காட்டும். வியூஸ்கேன் மென்பொருளில் மல்டி எக்ஸ்போஷர் போடுங்கள், கேமரா என்றால் இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் இரண்டு படம். கண்ணாடி மவுன்ட் என்றால் உடைக்காமல் பிரித்துச் சாதாரண மவுன்டுக்கு மாற்றுங்கள், நாலு பக்கக் கண்ணாடியையும் துடைப்பதை விட அது குறைந்த வேலை.

அக்டோபர் 20
மழை தொடங்கியதும் இந்தக் கேள்வி பதில் இழை மறுபடி எழுந்திருக்கிறது, பூசணமும்தான்.

ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். 40 பக்கம் வையுங்கள். கேமராவுக்கு வாங்கும் டிரை கேபினட் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் மூடி இறுகும் டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்திப் போட வேண்டும், பலர் வாங்கிப் போட்டதோடு சரி. உறை பாலிபுரொப்பிலீன் அல்லது அமிலமில்லாத காகிதம். பிவிசி உறை, ரப்பர் பேண்டு, ஸ்டேப்ளர் பின் கூடாது.

வினிகர் வாடை உள்ளவற்றை மட்டும் இறுக்கி மூடாதீர்கள். அசிடேட் அடித்தளம் சிதைந்து வரும் அமிலம் அது, அடைத்து வைத்தால் தன்னையே இன்னும் வேகமாகத் தின்னும், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். தனியாக, காற்றோட்டமாக, குளிர்ச்சியாக. ஸ்கேன் வரிசையில் இவைதான் முதலில். சுருங்கி நெளிந்த பிறகு எந்த ஹோல்டரிலும் உட்காராது.

நவம்பர் 2
கடைசியாக வந்த கேள்வி, 110 கார்ட்ரிட்ஜ் நெகட்டிவ், அதாவது சின்ன கேமராக்களில் போட்ட 16 மிமீ அகல ஃபிலிம். ஃபிரேம் 17×13 மிமீ, வி600 கொண்டு எடுத்தால் தபால்தலைதான். கேமராவில் 1:1 மேக்ரோ போதும், ஃபுல் ஃபிரேமிலும் சென்சாரின் பாதி அகலம் வரும், கிட்டத்தட்ட 2800 புள்ளி. ஹோல்டருக்குக் கறுப்பு அட்டை இரண்டு, நடுவில் 17×13 துளை, ஓரத்தில் ஃபிலிம் நழுவ 16 மிமீ பள்ளம். துளையை ஒரு மிமீ பெரிதாகவே வெட்டுங்கள், 110இல் ஃபிரேமைச் சுற்றி அச்சிட்ட கோடு இருக்கும், அதை வைத்து நேராக நிறுத்தலாம். பிளேடு புதுசாக இருக்கட்டும், பிசிறு விட்டால் அதுவும் ஸ்கேன் ஆகும்.